வீட்டு முன்பக்கத்தில் மழைத்தோட்டம்: சென்னைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் அரை மணி நேரம் மழை அடித்தால் தெருவில் ஓடும் தண்ணீரில் ஒரு பங்கு நம் வீட்டு கேட்டைத் தாண்டி வந்ததுதான். மொட்டை மாடி, போர்ட்டிகோ, டைல்ஸ் ஒட்டிய முன்பக்கம் என்று மண்ணே கண்ணில் படாத மனையில் விழும் மழைக்குத் தெருவை விட்டால் போக இடமில்லை. அந்தத் தண்ணீரைக் கேட்டுக்குள்ளேயே சில மணி நேரம் நிறுத்தி மண்ணுக்குள் இறக்கும் வழிகளில் ஒன்று மழைத்தோட்டம். கீழே உள்ள பதில்கள் சென்னை மண்ணையும் ஐப்பசி, கார்த்திகை மழையையும் மனத்தில் வைத்து எழுதியவை. வேறு ஊர்க்காரர்கள் தங்கள் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ப அளவுகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

மழைத்தோட்டம் என்றால் என்ன?

தரையைவிடச் சுமார் அரை அடி தாழ்வாக வெட்டிய ஒரு செடிப் பாத்தி. அடி சமமாகவும் ஓரங்கள் மெல்ல மேலேறியும் சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்கும். மாடியிலிருந்து இறங்கும் மழைநீரும் சிமெண்ட் தரையில் ஓடும் மழைநீரும் இதற்குள் வந்து தேங்கும். சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஒரு நாளில், மண் அதைக் குடித்துவிடும். மழை இல்லாத நாளில் பார்ப்பவருக்கு அது சாதாரணத் தோட்டம்தான்.

குளம் என்று நினைத்துவிடக் கூடாது. எப்போதும் தண்ணீர் நின்றால் அதில் ஏதோ தவறு இருக்கிறது. நிரம்புவதும் காய்வதும் மாறி மாறி நடக்க வேண்டும்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பிரின்ஸ் ஜார்ஜஸ் என்ற மாவட்டத்தில், 1990 வாக்கில் புதிதாக எழுந்த ஒரு குடியிருப்பில் வீட்டுக்கு வீடு இப்படிப் பாத்தி வைத்ததிலிருந்து இன்றைய மழைத்தோட்டம் பரவியது. மழையைத் தாழ்வான இடத்தில் நிறுத்தி மண்ணுக்குக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. ஏரியும் தாங்கலும் ஊர் அளவில் செய்ததை இது மனை அளவில் செய்கிறது.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே மழைநீர் சேகரிப்புக் குழி இருக்கிறதே, இது எதற்கு?

பலரும் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வியும்கூட. 2003-இல் தமிழ்நாடு முழுவதும் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அந்த ஆண்டு அவசர அவசரமாகத் தோண்டிய குழிகள் பல வீடுகளில் இன்றும் இருக்கின்றன. ஆனால் ஒன்று கேட்கிறேன்: உங்கள் குழியின் மூடியைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள்?

குழிக்கு மேல் சிலாப் போட்டு மூடி, அதன்மேல் பூந்தொட்டியோ பைக்கோ நிற்கும். உள்ளே போட்ட ஜல்லியும் மணலும் மாடித் தூசியாலும் இலைக் குப்பையாலும் அடைத்துப் போயிருக்கும். தண்ணீர் இறங்காமல் மூடி ஓரமாகப் பொங்கித் தெருவுக்குப் போகும். குழியின் மேல் குற்றமில்லை, கண்ணில் படாத பொருளை யாரும் கவனிப்பதில்லை. மழைத்தோட்டம் கண்ணெதிரே இருக்கிறது. தண்ணீர் ஒரு நாளுக்கு மேல் நின்றால் தெரிகிறது, செடி வாடினால் தெரிகிறது, மண் மேவினால் தெரிகிறது. தினமும் அதைக் கடந்துதான் கேட்டைத் திறக்கிறோம். நகரத்து வீடுகளில் இதைப் பரிந்துரைக்க எனக்கு உள்ள முதல் காரணம் இந்தக் கண்பார்வைதான்.

இரண்டாவது, பழைய குழிகள் பெரும்பாலும் மாடித் தண்ணீரை மட்டுமே வாங்கும். கார் நிற்கும் தளம், பக்கவாட்டு நடைபாதை, துணி துவைக்கும் மேடை இருக்கும் சிமெண்ட் பரப்பு ஆகியவற்றில் விழும் மழை நேராகத் தெருவுக்குத்தான் ஓடும். அதைப் பிடிக்க மழைத்தோட்டம் வசதியானது.

மூன்றாவது, இரண்டையும் சேர்த்தே வைக்கலாம். தண்ணீர் முதலில் தோட்டத்துக்கு வரட்டும், வண்டலைச் செடிகளும் மண்ணும் பிடித்துக்கொள்ளும். நிரம்பி வழிவது குழிக்கோ உறை கிணற்றுக்கோ போகட்டும். அங்கே போகும்போது தண்ணீரில் மண் குறைந்திருக்கும், குழி அடைத்துக்கொள்ளும் வேகமும் குறையும். ஆகவே இருக்கும் குழியை மூட வேண்டாம். இந்த வாரமே திறந்து சுத்தம் செய்யுங்கள்.

இது வெள்ளத்தைத் தடுக்குமா?

2015 போன்ற வெள்ளத்தை எந்த வீட்டுத் தோட்டமும் தடுக்காது. அந்த ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி அடித்த மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 49 செ.மீ. பதிவானது. 600 சதுர அடிப் பரப்பில் மட்டும் அது 27,000 லிட்டருக்கு மேல் வரும். நாம் வெட்டும் பாத்தி ஒரு தடவைக்கு ஆயிரத்துச் சொச்சம் லிட்டர் கொள்ளும். ஏரி உடைப்பும் ஆற்று வெள்ளமும் வேறு கணக்கு. சதுப்பு நிலத்தைக் காப்பது, கால்வாயைத் தூர் வாருவது என்று அரசு செய்ய வேண்டியதை நம் முன்பக்கத்துப் பாத்தியின் தலையில் கட்ட முடியாது.

ஆனால் ஆண்டில் பெய்யும் மழை எல்லாமே அப்படிப்பட்டது இல்லை. ஒன்று, இரண்டு செ.மீ. பெய்து நிற்கும் மாலை மழைகள் நிறைய. அதற்கே கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும் தெருக்கள் சென்னையில் எத்தனை! அந்த மழையைத்தான் மழைத்தோட்டம் ஏறக்குறைய முழுதாக வாங்கிக்கொள்ளும். பெருமழையிலும் முதலில் ஓடிவரும் அழுக்குத் தண்ணீரை நிறுத்திக்கொண்டு, மீதியைக் கொஞ்சம் தாமதமாகத் தெருவுக்கு விடும். தெருவில் பத்து வீடு செய்தால் வடிகாலுக்குக் கிடைக்கும் அவகாசம் கண்ணுக்குத் தெரியும்.

ஆண்டுக் கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவு வரும். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. ஒரு சதுர அடியில் 1 செ.மீ. மழை விழுந்தால் ஏறத்தாழ 0.93 லிட்டர். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனையில் ஒரு வருடத்தில் விழுவது சுமார் ஒன்றரை லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 13 நடை! 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை நினைத்துப் பார்த்தால் இந்த 13 லாரியைத் தெருவுக்கு விட மனம் வராது.

எங்கள் ஏரியா மண்ணுக்கு ஒத்து வருமா?

சென்னை மண் ஒரே மாதிரி இல்லை. பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம் போன்ற கடலோரப் பகுதிகள் மணல். நகரத்தின் பெரும்பகுதி களிமண்: அண்ணா நகர், மேற்கு மாம்பலம், விருகம்பாக்கம், பெரம்பூர் எல்லாம் இதில் வரும். கிண்டி, ஆதம்பாக்கம், வேளச்சேரி, சைதாப்பேட்டையின் ஒரு பகுதி ஆகியவற்றில் கொஞ்சம் கீழே போனாலே பாறை.

மணல் என்றால் யோசிக்கவே வேண்டாம், வெட்டிய அன்றே வேலை செய்யும். கடலோரத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. அங்கே நிலத்தடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. மேலிருந்து மழைநீர் இறங்கிக்கொண்டே இருந்தால்தான் உப்பு மேலேறாது.

களிமண்ணிலும் பாறைப் பகுதியிலும் முதலில் சோதித்துப் பாருங்கள். தோட்டம் வரும் இடத்தில் ஓர் அடி ஆழம், முக்கால் அடி அகலத்தில் ஒரு குழி. நிரப்பத் தண்ணீர் ஊற்றி முழுதாக இறங்க விடுங்கள். பிறகு இரண்டாம் தடவை நிரப்பி, ஒரு ஸ்கேலை நிறுத்தி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டாம் தடவைக் கணக்குதான் நிஜம். வறண்ட மண் முதல் தடவை ஆவலாகக் குடித்துவிடும், அதை நம்பக் கூடாது.

மணிக்கு ஓர் அங்குலமோ அதற்கு மேலோ இறங்கினால் அரை அடி ஆழத் தோட்டம் ஆறு மணி நேரத்தில் காலி. அரை அங்குலம் என்றாலும் பரவாயில்லை, பன்னிரண்டு மணி நேரம். கால் அங்குலம்தான் என்றால் ஆழத்தை மூன்று நான்கு அங்குலமாகக் குறைத்து, பரப்பைக் கூட்டுங்கள். அதற்கும் கீழே என்றால் வெறும் பாத்தி போதாது. பாத்தியின் நடுவில், களிமண் அடுக்கைத் தாண்டி மணல் அடுக்கு வரை துளை போட்டு ஜல்லி நிரப்பிய உறிஞ்சு குழி ஒன்று வேண்டும். இதை மழைநீர் சேகரிப்பில் பழக்கமுள்ளவரைக் கொண்டு செய்யுங்கள்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகளில் கார்த்திகை மாதத்தில் நிலத்தடி நீரே தரைமட்டத்துக்கு வந்து நிற்கும். அப்போது எந்தக் குழியும் தண்ணீர் வாங்காது. அங்கே மழைத்தோட்டம் ஆடியிலிருந்து ஐப்பசி முதல் பாதி வரை உதவும். அதன்பிறகு வழிந்து ஓட நல்ல வழி இருந்தால் போதும்.

வீட்டு அஸ்திவாரத்துக்கு ஆபத்து வராதா?

சுவரை ஒட்டி வைத்தால் வரும். குறைந்தது 10 அடி தள்ளி இருக்க வேண்டும். களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் மட்டும் அப்படி நடந்தால் சுவரில் விரிசல் காணும்.

அரை கிரவுண்டு வீடுகளில் பக்கத்தில் ஐந்தடி இடம்கூட இருக்காது, தெரியும். அப்படிப்பட்ட வீட்டுக்காரர் பக்கவாட்டு இடத்தை மறந்துவிட்டு, கேட் பக்கம் மட்டும் பாருங்கள். அங்கேயும் 10 அடி கிடைக்காவிட்டால் நிலத்தில் வெட்ட வேண்டாம். மழைநீர்க் குழாயின் அடியில் செங்கல் தொட்டி கட்டி, அதில் மணல் கலந்த மண்ணும் செடியும் வைத்து, அடியிலிருந்து வடியும் தண்ணீரைக் குழாய் போட்டு சேகரிப்புக் குழிக்கு விடலாம். அளவில் சின்னதுதான், ஆனால் வீட்டுக்குக் கேடு இல்லாதது.

இடம் தேர்வு செய்யும்போது வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

செப்டிக் டேங்கின் மேலோ பக்கத்திலோ வேண்டவே வேண்டாம். குடிநீர் சம்ப்பிலிருந்தும் தள்ளியே இருக்கட்டும். பழைய சம்ப்புகளின் சுவரில் நுண்ணிய வெடிப்பு இருந்தால் வெளித் தண்ணீர் உள்ளே கசியும். காம்பவுண்டு சுவரின் அடியில் நேராக வெட்டாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரருடன் வம்பு வரும். பெரிய மரத்தின் அடி வேரை வெட்டும் நிலை வந்தால் இடத்தை மாற்றுங்கள்.

இப்போதே மழையில் தண்ணீர் தேங்கி நிற்கும் மூலையைத்தான் பலர் முதலில் காட்டுகிறார்கள். அந்த மண் தண்ணீரை வாங்குவதில்லை என்பதால்தானே அங்கே தேங்குகிறது? தண்ணீர் அந்த மூலைக்கு ஓடி வரும் வழியில், சற்று மேலே, இடம் பாருங்கள்.

எவ்வளவு பெரிதாக வேண்டும்?

எவ்வளவு பரப்பிலிருந்து தண்ணீர் வருகிறதோ அதில் 10 முதல் 20 சதவீதம். ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு மழைநீர்க் குழாய் வழியாக 400 சதுர அடி மாடித் தண்ணீரும், 200 சதுர அடி சிமெண்ட் தரைத் தண்ணீரும் வருகிறது. மொத்தம் 600. அதில் 15 சதவீதம் என்றால் 90 சதுர அடி, அதாவது 9 அடிக்கு 10 அடி. அரை அடி ஆழம் வெட்டினால் 45 கன அடி, சுமார் 1,270 லிட்டர் கொள்ளும். மண் ஒரு சொட்டும் குடிக்கவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் ஏறக்குறைய 2 செ.மீ. மழையை அது வழியாமல் தாங்கும். மண் குடிக்கக் குடிக்க இன்னும் கூடும்.

இடம் 40 சதுர அடிதான் இருக்கிறதா? சரி, 40-இல் வெட்டுங்கள். ஒரே ஒரு குழாயை மட்டும் அதற்குள் விடுங்கள். ஆழத்தைக் கூட்டிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். ஆழம் கூடினால் தண்ணீர் நிற்கும் நேரம் கூடும், குழந்தைகள் உள்ள வீட்டில் பயமும் கூடும்.

எந்த மாதத்தில் தொடங்கலாம்?

வெட்டும் வேலை ஆனியில், நடவு ஆடியில். ஆடிப்பட்டம் தேடி விதை என்றது இதற்கும் பொருந்தும். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் சென்னைக்கு வரும் மாலை மழைகளில் செடிகள் வேர் பிடித்துவிடும். வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதற்குள் செடிக்கு இரண்டு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் புதுச்செடி நட்டால் செடியும் மண்ணும் சேர்ந்து அடித்துக்கொண்டு போகும்.

தோண்டுவது, மண் கலப்பது எப்படி?

முதலில் ஒரு மழைநாளில் குடையோடு நின்று தண்ணீர் எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். கோலமாவோ சுண்ணாம்போ கொண்டு அந்த வழியைத் தரையில் குறித்துக்கொள்ளலாம். எந்த வரைபடத்தையும்விட இதுதான் நம்பகமானது.

பாத்தி வரும் இடத்தில் சிமெண்ட் தரை இருந்தால் பெயர்க்க வேண்டும். அதற்கடியில் கட்டடம் கட்டியபோது கொட்டிய செங்கல் உடைசலும் சிமெண்ட் கட்டியும் நிச்சயம் இருக்கும், முழுதாக எடுத்துவிடுங்கள். பிறகு ஒன்றரை அடி முதல் இரண்டடி வரை தோண்டி, மண்ணைக் கலந்து திரும்ப நிரப்பி, மேல்மட்டம் தரையைவிட அரை அடி தாழ்வாக நிற்கும்படி விட வேண்டும். கலவை: பாதிக்குச் சற்று மேல் கரடு மணல், கால் பங்கு நன்கு மக்கிய தொழு உரம் அல்லது இலை மக்கு, மீதி தோண்டிய மேல்மண். பூச்சு வேலைக்கு வாங்கும் பொடி மணல் ஆகாது, அது இறுகிப்போகும். தோண்டிய மண் ஒட்டும் களிமண்ணாக இருந்தால் அதை இந்தக் கலவையில் சேர்க்காதீர்கள். களியில் கொஞ்சம் மணலைக் கலந்தால் காய்ந்தபின் கல்லாகிவிடும். கலவைக்கு வேறு நல்ல மண் வாங்கிக்கொள்ளுங்கள். மணல் பூமியில் இத்தனை மெனக்கெடல் வேண்டாம், மக்கு மட்டும் கலந்தால் போதும்.

அடி சமமாக இருக்க வேண்டும். கொத்தனார் டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பாரே, அதே முறையில் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் தண்ணீர் எல்லாம் அங்கேயே போய் நிற்கும், மற்றப் பக்கம் காயும். நிரப்பிய மண்ணின் மேல் ஏறி மிதிக்காதீர்கள். தளர்வாக இருந்தால்தான் தண்ணீர் இறங்கும்.

தோண்டியதில் மிஞ்சிய களிமண்ணைத் தாழ்வான பக்கத்தில் கரையாகக் கட்டி அருகம்புல் பதித்துவிடுங்கள். கரையில் ஓரிடத்தை மட்டும் இரண்டு அங்குலம் தாழ்த்தி, கல் பதித்துக் கலிங்கு மாதிரி ஒரு வழிவாய் வைக்க வேண்டும். நிரம்பினால் தண்ணீர் அந்த வழியாகச் சேகரிப்புக் குழிக்கோ தெரு மழைநீர் வடிகாலுக்கோ போகட்டும். வீட்டுப் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். இதை விட்டுவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் முதல் பெருமழையில் கரை உடைந்துவிடும்.

தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் கூழாங்கல்லோ பெரிய ஜல்லியோ பரப்புங்கள். மாடிக் குழாயிலிருந்து வரும் வேகத்துக்கு வெறும் மண் தாங்காது. சிமெண்ட் தரைத் தண்ணீருக்கு, கேட்டின் உட்புறம் குறுக்காக ஒரு சின்னக் காடி வெட்டி, மேலே கம்பிச் சல்லடை போட்டு, குழாய் வழியாகப் பாத்திக்குக் கொண்டு வரலாம். பாத்தி மட்டம் அந்தக் குழாயைவிடத் தாழ்வாக இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன செடி வைக்கலாம்?

ஐப்பசியில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கவும் வேண்டும், சித்திரை வெயிலில் காயவும் தெரிய வேண்டும். இரண்டையும் தாங்கும் செடிகள் நம் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் வளர்பவைதான். நர்சரிக்குப் போகும் முன் அங்கே ஒரு நடை போய்ப் பாருங்கள்.

முதலில் நான் சொல்வது வெட்டிவேர். வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே போகும், நல்ல மண் கிடைத்தால் மூன்று மீட்டர்கூட இறங்கும். இறுகிய மண்ணுக்குள் தண்ணீர் போக வழி திறப்பது அந்த வேர்தான். வெள்ளமும் தாங்கும், வறட்சியும் தாங்கும், கரை சரியாமலும் பிடிக்கும். தண்ணீர் உள்ளே வரும் பக்கத்தில் ஒரு வரிசை நடுங்கள்.

தரையோடு படர பொடுதலை. இதற்கு இணையாக எனக்கு வேறொன்று தெரியவில்லை. குளத்தின் ஓரத்தில் தண்ணீரில் மூழ்கியும் கிடக்கும், தண்ணீர் வற்றினால் வெடித்த மண்ணிலும் பச்சையாக நிற்கும். சின்னச் சின்னப் பூவுக்கு வண்ணத்துப்பூச்சிகள் வரும். இது மண்ணை மூடிவிட்டால் களையும் குறையும். காய்ந்த இலை மூடாக்கு பெருமழையில் மிதந்து போய் வழிவாயை அடைக்கும், பொடுதலை அப்படிப் போகாது.

நடுப்பகுதியில், ஈரம் கூடுதலாக நிற்கும் இடத்தில், வல்லாரை, நீர்ப்பிரமி, பொன்னாங்கண்ணி வரும். இவற்றுக்குக் கோடையில் தண்ணீர் தர வேண்டும். விஷமூங்கில் வைத்தால் மழைக்காலத்தில் வெள்ளைப் பூ அழகாக இருக்கும், எதையும் தாங்கும். ஆனால் பெயருக்கேற்ப அதன் கிழங்கு நஞ்சு, சின்னக் குழந்தைகளும் நாயும் உள்ள வீட்டில் தவிர்க்கவும். கல்வாழை நம் மண்ணின் செடி அல்ல என்றாலும் ஈரத்தில் நன்றாக வரும். ஒரு மூலையில் அடக்கி வையுங்கள், விட்டால் மொத்தப் பாத்தியையும் எடுத்துக்கொள்ளும்.

ஓரத்தின் மேற்பகுதியில் நொச்சி, ஆடாதோடை, எலுமிச்சம்புல், மருதாணி. இவை வறட்சி தாங்கும். நொச்சியை வருடம் ஒருமுறை வெட்டிவிட்டால் அடர்ந்து புதராக நிற்கும். இடம் தாராளமாக உள்ள ஒரு கிரவுண்டுக்கு மேற்பட்ட மனையில், வீட்டை விட்டுத் தள்ளி, ஒரு புங்கமோ பூவரசோ வைக்கலாம்.

துளசி, கற்றாழை, ரோஜா, மல்லிகை எல்லாம் தண்ணீர் நிற்கும் இடத்தில் வேர் அழுகிப் போகும். அவற்றைக் கரைக்கு மேலே வையுங்கள். பாத்திக்குள்ளோ பக்கத்திலோ வரவே கூடாதவை: ஆகாயத்தாமரை, நெய்வேலிக் காட்டாமணக்கு, உண்ணிச்செடி. இன்று ஒன்று நட்டால் நாளை பக்கத்து ஏரி வரை போகும். கோரை தானாக வரும், முளைக்கும்போதே கிழங்கோடு பிடுங்குங்கள்.

கொசு வராதா?

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் தண்ணீர் தேங்கி இருக்க வேண்டும். மழைத்தோட்டத்தில் தண்ணீர் ஒரு நாளில் இறங்கிவிட்டால் புழு வளர அவகாசமே இல்லை. அந்தக் கொசு தேடுவது மாடியில் கிடக்கும் பழைய டயர், உடைந்த பக்கெட், பூந்தொட்டித் தட்டு, மூடாத டிரம் போன்றவற்றை. முதலில் அவற்றைக் கவிழ்த்து வையுங்கள்.

அடைமழை நாட்களில் தொடர்ந்து பெய்து பாத்தி காயாமல் இருக்கலாம். மழை விட்டு இரண்டு நாளாகியும் தண்ணீர் நின்றால் வழிவாயைக் கொஞ்சம் வெட்டி வடியவிடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஏன் இறங்கவில்லை என்று பார்த்து, மேலே படிந்த வண்டலைச் சுரண்டி எடுத்து மண்ணைக் கிளறிவிட வேண்டும். மற்றபடி, தவளைகள் வரும். விரட்டாதீர்கள், பூச்சியைத் தின்று வாழ்பவை அவை.

பாம்பு வருமே?

சென்னைப் புறநகரில் இந்தப் பயம் பொய்யில்லை. பாம்பு தேடி வருவது எலியையும் தவளையையும் ஒளிய இடத்தையும். பாத்திக்கும் வீட்டுக்கும் நடுவே இரண்டடியாவது வெறும் தரையாக விடுங்கள். செங்கல் குவியல், தேங்காய் மட்டை, பழைய பலகை எதுவும் பக்கத்தில் கிடக்கக் கூடாது. கேட்டுக்குப் போகும் வழியில் வெளிச்சம் இருக்கட்டும். வெட்டிவேரை இடுப்பளவுக்கு வளரவிடாமல் அவ்வப்போது அரிந்துவிடுங்கள்.

குளியல், துணி துவைக்கும் தண்ணீரையும் இதில் விடலாமா?

வேண்டாம். மழைத்தோட்டம் அடுத்த மழைக்கு முன் காய்ந்து தயாராக இருக்க வேண்டும். தினமும் குளியல் தண்ணீர் வந்தால் அது காயவே காயாது, சோப்பு படிந்து மண்ணும் அடைக்கும், நாற்றமும் கொசுவும் வரும். குளியல் தண்ணீருக்கு வாழை, சேம்பு, கல்வாழை வைத்துத் தனிப் பாத்தி போடுங்கள், நம் பாட்டிமார் துவைக்கிற கல்லடியில் வைத்திருந்தது போலவே. கழிவறைத் தண்ணீர் இரண்டிலும் கூடாது. கழிவுநீரை மழைநீர் வடிகாலில் விடுவது சட்டப்படியும் குற்றம்.

அங்கே வளரும் வல்லாரை, பொன்னாங்கண்ணியைச் சமைக்கலாமா?

கார் நிற்கும் தரையின் தண்ணீர் வந்தால் கூடாது, எண்ணெயும் டயர் தூளும் கலந்திருக்கும். மாடித் தண்ணீர் மட்டும் என்றாலும் பறவை எச்சம் உண்டு. சாப்பிடும் கீரைக்கு மாடியில் தனித் தொட்டி வைப்பதே நல்லது.

வாஸ்துப்படி எந்த மூலை?

கிணறும் சம்ப்பும் ஈசானிய மூலையில் வைப்பது வழக்கம் என்பதால் பலர் இதையும் அங்கேயே கேட்கிறார்கள். தரைச் சரிவு அந்தப் பக்கம் இருந்தால் தாராளமாக வையுங்கள். சரிவு வேறு பக்கம் என்றால் தண்ணீர் போகும் பக்கம்தான் தோட்டம் போக வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் செய்ய முடியுமா?

தனி வீட்டைவிட நன்றாகவே செய்யலாம். மாடிப் பரப்பு பெரிது, கார் நிறுத்தப் போட்ட பேவர் பிளாக் பரப்பு அதைவிடப் பெரிது. காம்பவுண்டு ஓரமாக ஏற்கெனவே ஒரு செடிப் பாத்தி இருக்கும், ஆனால் அதைத் தரையைவிட ஓர் அடி உயரமாகச் செங்கல் கட்டி வைத்திருப்பார்கள். மழைநீர் அதன் பக்கத்திலேயே ஓடித் தெருவுக்குப் போகும், செடிக்கு மட்டும் லாரித் தண்ணீர்! அந்தச் செங்கல் வரிசையை உடைத்து, மண்ணைத் தாழ்த்தி, நாலு இடத்தில் தண்ணீர் புக வழி விட்டாலே பாதி வேலை முடிந்தது.

சங்கக் கூட்டத்தில் பேசும்போது வெள்ளம், சுற்றுச்சூழல் என்று தொடங்குவதைவிட, போன கோடையில் லாரித் தண்ணீருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்ற கணக்கை முன்னால் வையுங்கள். சென்னை மாநகராட்சியே பூங்காக்கள் சிலவற்றில் மழைநீர் தேங்கி இறங்கக் குளம் வெட்டி ஸ்பாஞ்ச் பூங்காவாக மாற்றியிருக்கிறது. பக்கத்தில் அப்படி ஒன்று இருந்தால் சங்கத்தாரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

அடித்தளத்தில் கார் நிறுத்தம் உள்ள கட்டடமா? அதன் மேற்கூரைக்கு மேல் இருக்கும் மண்ணில் இதை வைக்காதீர்கள்.

போர் தண்ணீர் கூடுமா?

உங்கள் மனைத் தண்ணீர் உங்கள் போருக்கே வரும் என்று உறுதி சொல்ல முடியாது. மேலே இறங்கும் தண்ணீர் முதலில் போய்ச் சேர்வது கிணறு எட்டும் ஆழம் வரை உள்ள மேல் அடுக்கில். ஆகவே பழைய திறந்த கிணறு உள்ள வீட்டில் மாற்றம் சீக்கிரம் தெரியும். கிணற்றை மூடிவிட்டு நூற்றுக்கணக்கான அடி போர் போட்டவர்களுக்கு அவ்வளவு எளிதில் தெரியாது. கிணற்றைத் தூர்க்கும் எண்ணத்தில் இருப்பவர்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், தூர்க்காதீர்கள்.

வருடம் முழுக்க என்ன வேலை இருக்கும்?

முதல் வருடம்தான் அதிகம். வாரம் ஒருமுறை களை, முதல் கோடையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே விடும் தண்ணீரை மட்டுமே ஊற்றி வந்தால் உப்பு ஏறும், நல்ல தண்ணீரும் கலந்து ஊற்றுங்கள். இரண்டாம் வருடத்திலிருந்து செடிகள் தங்களைப் பார்த்துக்கொள்ளும்.

புரட்டாசியில் ஒரு நாள் ஒதுக்குங்கள். மாடியைப் பெருக்கி, குழாய் வாயின் சல்லடையை எடுத்துக் கழுவி, பாத்தியில் தண்ணீர் புகும் இடத்தில் படிந்த வண்டலை அள்ளி, வழிவாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அள்ளிய வண்டலைத் தெருவோர வடிகாலில் கொட்டாதீர்கள். ரசாயன உரமும் பூச்சி மருந்தும் இந்தப் பாத்திக்கு வேண்டாம், போடுவதெல்லாம் நிலத்தடிக்குத்தான் போகும்.

முதல் பெருமழையில் எதைப் பார்க்க வேண்டும்?

மழை பெய்யும்போதே வெளியே வந்து பாருங்கள். தண்ணீர் கல் பரப்பிய இடம் வழியாகத்தான் நுழைகிறதா, பக்கவாட்டில் மண்ணை அரித்து வழி எடுக்கிறதா? நிரம்பியதும் வழிவாய் வழியாகப் போகிறதா, கரையின் வேறு எங்காவது ததும்புகிறதா? வீட்டுச் சுவர்ப் பக்கம் ஈரம் ஏறுகிறதா? மழை நின்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு, பாத்தி முழுதாகக் காலியான நேரத்தையும் குறித்து வையுங்கள். அந்த மணிக்கணக்கை ஒரு நோட்டில் எழுதி வந்தால், ஆண்டுக்கு ஆண்டு அது கூடுகிறதா என்று பார்த்தே வண்டல் அள்ளும் நேரம் வந்துவிட்டதைக் கண்டுபிடித்துவிடலாம். கரை அரித்திருந்தால் அடுத்த மழைக்குக் காத்திருக்காமல் அன்றே இரண்டு சட்டி களிமண் வைத்து மிதித்து, மேலே அருகம்புல் பதித்துவிடுங்கள்.